பட்டிப்பொலவில் ஓர் இத்தாலியத் தேர்

மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாத ஒருவனிடம், மோட்டார் வண்டியொன்றைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்லும்படி கேட்பாரும் உண்டோ? எனக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. கேட்டவர் என் பழைய மாணவர். இப்பொழுது கனடாவிலே நல்லதோர் உத்தியோகத்தில் இருக்கிறார். கொழும்பு ஆங்கில நாளிதழ் ஒன்றில் வந்த வரிவிளம்பரத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். நான்கே வரிகள். அல்ஃபா ரோமியோ ஸ்பைடர், 1967ஆம் ஆண்டு, சிவப்பு நிறம், இரண்டு ஆசனம், திறந்து மூடும் துணிக்கூரை, பட்டிப்பொலவில் பார்வையிடலாம்.

கூடவே அவருடைய குரலும் வந்தது. "சேர், வண்டி நம்ம ஊர்லதான் நிக்குது. போய்ப் பாத்து உள்ளத உள்ளபடி சொல்லுங்க. புள்ளி கூட்டியும் போடாம கொறைச்சும் போடாமத் திருத்துறவர் நீங்க ஒருத்தர்தான்."

முப்பது வருடம் சிவப்புப் பேனாவுடன் வாழ்ந்தவனுக்கு இதைக் காட்டிலும் பெரிய புகழ்ச்சி வேறில்லை. ஒப்புக்கொண்டேன்.

பட்டிப்பொலவை அறியாத வாசகர்க்கு ஒரு சொல். இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்திலிருப்பது இதுதான். இதற்கும் ஒகியாவுக்கும் இடையில், பாதையின் உச்சியைக் குறிக்கும் பலகையொன்று 6,226 அடி என்று அறிவிக்கும். அதையடுத்துப் பதினெட்டாம் இலக்கச் சுரங்கம். சுரங்கத்தின் இந்தப் பக்கத்தில் மழையும் மூடுபனியுமாக இருக்கையில், மறுபக்கம் சென்று ஊவா மலைகளைப் பார்த்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் வெயிலில்லாத பக்கத்துக்காரர். உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் எங்கள் மண்ணில் விளைவன. மூடுபனி மண்ணில்லாமலே விளையும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதைக் கண்டிருக்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரிலே கூரையில்லாத வண்டி! கூரை ஒழுகாதிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். லயத்துத் தகரத்தில் ஆணித் துளை விழுந்த இடங்களுக்குக் கீழே எங்கள் தாய்மார் வைத்த பாத்திரங்களின் ஒலி இன்னும் என் செவியில் இருக்கிறது. வானத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொள்வதற்கென்றே பணம் கொடுப்பாரும் உலகில் உளர் என்பதை நான் முதன்முதலில் அறிந்தது ஏழோ எட்டோ வயதில். எங்கள் தோட்டத்துத் துரையிடம் திறந்த வண்டியொன்று இருந்தது. அது ஆங்கிலேய வண்டி; பெயர் நினைவில்லை. ஒருநாள் மழையில் அது ஆற்றோர வளைவில் சேற்றிலே புதைந்துவிட்டது. பிரட்டுக்களத்திலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்தார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளிய அந்த எண்மரில் என் தகப்பனாரும் ஒருவர். வண்டி கிளம்பியபோது பின்சக்கரம் வீசிய சேறு அவர் மார்பெல்லாம் அப்பியிருந்தது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒன்றே: "நல்ல வண்டிடா. பூ மாதிரி எழும்பிச்சு." அதை மனக்கசப்போடு அவர் சொல்லவில்லை என்பது நெடுநாள் எனக்கு விளங்காமலே இருந்தது.

விளம்பரத்திற் கண்ட வண்டி, நிலையத்திலிருந்து இரண்டு வளைவு தள்ளி, ஒரு பழைய பங்களாவின் பின்புறக் கொட்டகையில் நின்றது. உரிமையாளர் கொழும்பில் வசிக்கும் இளைஞர். தந்தையார் காலமானபின் சொத்துகளைப் பிரித்து விற்கிறார். கொட்டகைச் சாவி இருந்தது, அவ்வண்டியை நாற்பது வருடமாகப் பழுதுபார்த்துவரும் பாஸ் ஒருவரிடம். எழுபதை நெருங்கியவர். கரிய எண்ணெய் நகக்கண்களில் நிரந்தரமாகக் குடியேறிய கைகள். தோட்டத்து லயமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் நுவரெலியாவிலே ஒரு கராஜில் சாவி எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். சித்திரை வசந்தகாலத்தில் மஹாகஸ்தோட்டையில் நடக்கும் மலையேற்றக் காரோட்டத்தைச் சுவரேறிப் பார்த்துத்தான் தமக்கு மோட்டார்ப் பைத்தியம் பிடித்தது என்றார். தேயிலைச் சரிவுகளுக்கிடையே நடக்கும் அந்தப் போட்டி 1934இல் தொடங்கியது; துரைமார் ஓடுவதும் நம்மவர் வேலியோரம் நின்று பார்ப்பதுமாக நீண்ட காலம் இருந்தது.

கொட்டகைக் கூரையைக் கொடித்தோடை மூடியிருந்தது. பாரி முல்லைக்குத் தேரை ஈந்தான். இங்கே கொடி தேருக்கு நிழல் ஈந்துகொண்டிருந்தது. பாஸ் தறப்பாளை நீக்கினார்.

வாசக அன்பரே, அழகுணர்ச்சியில் நான் பெரிய மேதையல்லேன். ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும்: சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. மூக்கும் வாலும் ஒருங்கே உருண்டு, பக்கங்களில் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண்ணுக்குப் புலப்படாத ஒரு வடிவம். ஆற்றிலே நெடுங்காலம் உருண்ட கூழாங்கல்லைக் கையில் எடுத்தால், விரல் எங்கும் தடைப்படாமல் வழுக்கிச் செல்லுமல்லவா, அப்படி.

இவ்வடிவத்துக்கு இத்தாலியர் இட்ட செல்லப்பெயர் 'ஓசோ தி சேப்பியா'. கணவாய் மீனின் முதுகிலுள்ள ஓடு என்பது பொருள். நம் சித்த வைத்தியர் கடல்நுரை என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருக்கும் வெண்மையான பொருள் அதுவேதான். முன்னும் பின்னும் கூம்பி நடுவில் மெல்லப் புடைத்திருக்கும் அந்த ஓட்டைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள். 1969ஆம் ஆண்டோடு இவ்வுருண்ட வாலைக் கைவிட்டு, பின்பக்கத்தை வெட்டினாற்போல் நேராக்கிவிட்டார்கள். அதன்பின் அந்த வரிசை வண்டிகள் 1990களின் தொடக்கம்வரை உற்பத்தியாயின. கடல்நுரை வடிவம் கொண்டவை அவற்றுள் சில ஆண்டுகளே செய்யப்பட்டவை. அதனால்தான் இத்தனை தேட்டம்.

வடிவமைத்தது டியூரின் நகரத்துப் பினின்ஃபரீனா தொழிலகம். அதனை நிறுவியவர் பத்திஸ்தா ஃபரீனா. பதினொரு பிள்ளைகளுள் பத்தாவதாக 1893இல் பிறந்தவர். 'பினின்' என்பது பியமோந்து வட்டார மொழியில் சின்னவன் என்று பொருள்படும் செல்லப்பெயர். எங்கள் லயங்களில் 'சின்னவன்' என்று கூப்பிட்ட பெயரே அறுபது வயதிலும் நிலைத்துவிடுவது போல அவருக்கும் நிலைத்தது. அதையே குடும்பப் பெயரோடு சேர்த்து எழுத 1961இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரின் ஆணையும் கிடைத்தது. இந்த வண்டி 1966 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அரங்கேறியது. ஏப்ரல் 3ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் உயிரோடிருந்து கண்ட கடைசிப் படைப்புகளுள் ஒன்று என்று இதனைப் போற்றுகிறார்கள்.

பெயர் சூட்டு விழாவும் சுவையானது. வண்டிக்குப் பெயர் தேடிப் போட்டி வைத்தார்கள். ஓரிலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட முன்மொழிவுகள் குவிந்தன. வென்ற பெயர் 'துவெத்தோ'. இருவர் இணைந்து பாடும் இசையைக் குறிப்பது. இரண்டே ஆசனமுள்ள வண்டிக்கு இதைவிட ஏற்ற பெயரில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு வேறொரு வியாபாரி ஏற்கெனவே உரிமை பெற்றிருந்தபடியால், ஊரார் வாயிலே மட்டும் அது வழங்கி, அதிகாரபூர்வப் பெயர் 'ஸ்பைடர்' என்றே நின்றது. சிலந்திக் கால் போன்ற மெல்லிய சக்கரங்களையுடைய பழைய குதிரை வண்டியிலிருந்து வந்த சொல் அது. 1967இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றில் கதாநாயகன் இந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு திரிந்ததோடு உலகப்புகழ் வந்துவிட்டது.

மூக்கின் நுனியில் வட்டச் சின்னம். ஒரு பாதியில் மிலான் நகரத்துச் சிவப்புச் சிலுவை. மறுபாதியில் அந்நகரை ஆண்ட விஸ்கொந்தி குடும்பத்தின் பாம்பு, வாயிலே ஒரு மனிதனுடன். 1910இல் மிலானில் தொடங்கிய நிறுவனம் இது. ரோமியோ என்ற பின்னொட்டு, 1915இல் அதைக் கையேற்ற நிக்கோலா ரோமியோவின் பெயர். காதற் கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

பாஸ் அந்தச் சின்னத்தைக் கைத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். "சேர், நாப்பது வருசமா ஒரு சந்தேகம். இந்தப் பாம்பு ஆள முழுங்குதா, கக்குதா?"

நான் சிரித்தேன். ஆயினும் அது சிரிப்புக்குரிய கேள்வியன்று. விழுங்குகிறது என்போரும், இல்லை, புதிய மனிதன் பாம்பின் வாயிலிருந்து பிறந்து வருகிறான் என்போரும் இத்தாலியிலேயே இரு கட்சியாக இருக்கிறார்கள்.

அடுத்து அவர் எஞ்சினைத் திறந்து காட்டினார். அலுமினியத்தில் வார்த்த நான்கு சிலிண்டர், 1,570 கன சென்ரிமீற்றர், 109 குதிரைவலு. வால்வுகளை இயக்கச் சங்கிலியாற் சுழலும் இரட்டைத் தண்டுகள் தலைமேல் இருக்கின்றன. ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் தட்டுப் பிரேக். அறுபதுகளில் எங்கள் வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகளை நினைத்துப் பார்த்தால், இவையெல்லாம் எத்துணை முற்போக்கானவை என்பது புலனாகும். எடையோ ஒரு தொன்னுக்குக் குறைவு. வேகம் மணிக்கு நூற்றெண்பது கிலோமீற்றருக்கு மேல் என்கிறார்கள். பட்டிப்பொலவிலிருந்து அம்பேவெலவுக்கு அந்த வேகத்தில் போகிறவன் மறுநாள் பத்திரிகையில்தான் திரும்பி வருவான்.

இது இலங்கைக்கு வந்தது ஒரு வெளிநாட்டுத் தூதரக உத்தியோகத்தருடன். அவர் நாடு திரும்பும்போது இங்கேயே விற்றுச் சென்றார். வலப்புறம் ஸ்டியரிங் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. ஸ்ரீ எழுத்துப் பொறித்த பழைய இலக்கத் தகடு. அந்த ஓரெழுத்தை முன்னிட்டு 1957, 1958ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் ஓடிய தாரும் கண்ணீரும் தனிக் கதை. இன்று அதே தகடு, வண்டி வாங்குவோர் விரும்பித் தேடும் அலங்காரமாகிவிட்டது.

அக்காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அறுபதுகளின் தொடக்கம் முதலே கார் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதிய வண்டி என்பது பெரும்பாலோர்க்குக் கனவு. எழுபதுகளில் உபாலி விஜேவர்தன என்ற தொழிலதிபர் ஃபியட் வண்டிகளை இங்கேயே பொருத்தி விற்றார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்த இத்தாலி அவ்வளவே. புதியது வராத நாட்டில் பழையது சாகக் கூடாது. சாகவிடாமல் வைத்திருந்தவர்கள் பாஸ்மார். உதிரிப்பாகம் இல்லையென்ற சொல் அவர்கள் அகராதியில் கிடையாது; இல்லையென்றால் செய்துகொள்வார்கள். ஓர் உண்மையை இங்கே சொல்லவேண்டும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்று, அவ்வண்டிக்கான தகடுகளைச் செய்விக்க இலங்கைத் தொழிலாளரையே நாடியது. வண்டியைப் பெற்ற நாட்டில் மறைந்துபோன கைவேலை, அதை வளர்த்த நாட்டில் இருந்தது!

நமது பாஸ் செய்தவற்றையும் கேளுங்கள். இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம், சட்டமே உடல். ஆகவே தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே இற்றுப்போகிறது. துணிக்கூரையின் ஓரங்களில் விழும் நீர் வடிந்துபோகச் சிறு குழாய்கள் உண்டு. அவை அடைபட்டால் நீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். வெயில் காயும் இத்தாலிக்கென்று செய்தது, பட்டிப்பொல மூடுபனியில் எத்தனை நாள் தாங்கும்? தார்ப் பீப்பாய்த் தகட்டை வெட்டித் தட்டி நிமிர்த்தித் தரையை இருமுறை புதிதாகப் போட்டிருக்கிறார். கூரை கிழிந்தபோது நல்ல தறப்பாள் வாங்கி, பழைய துணியைப் பிரித்து அளவெடுத்து, தையற்காரர் பக்கத்திலே தாமும் உட்கார்ந்து தைப்பித்திருக்கிறார். விளக்குகளை மூடியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கவசங்கள் வெடித்தபோது, வெந்நீரில் வாட்டி வளைத்துப் புதியன செய்திருக்கிறார். எத்தனை தடவை உடைந்தது என்று கேட்டேன். "ஏழு. எட்டாவதுதான் சரியா வந்துச்சு."

எல்லாவற்றினும் என்னை வியக்க வைத்தது கார்புரேட்டர். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டத்துக்கென அளவிட்ட துளை வழியே வரும் பெற்றோல், இங்குள்ள மெல்லிய காற்றுக்கு மிகையாகிவிடும். எஞ்சின் கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதவேண்டிய இந்தக் கணக்கை, ஏழாம் வகுப்போடு நின்ற பாஸ் காதாலேயே கண்டுபிடித்தார். சிறிய துளையுள்ள ஜெட்டுகளைத் தாமே கடைந்து பொருத்தி, பழையனவற்றை ஒரு பால்மா டின்னில் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். "கொழும்புக்கு எறக்குனா இதத் திரும்பப் போடணும் சேர். இல்லாட்டி பட்டினி கெடந்து சூடாயிரும்."

எண்பதுகளில், பழுதான எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பானிய எஞ்சின் போடும் வழக்கம் நாடெங்கும் பரவியது. இவ்வண்டிக்கும் அவ்வாறே செய்யும்படி அப்போதைய உரிமையாளர் சொன்னார். பாஸ் ஆறு மாதம் சாக்குச் சொல்லி ஏய்த்து, அந்த இடைவேளையில் பழைய எஞ்சினையே எழுப்பிவிட்டார். உடற்கூட்டில் 105.05 என்றும் எஞ்சினில் 00536 என்றும் தொடங்கும் இலக்கங்களை நான் கைவிளக்கு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து சேர்ந்து வந்த உடலும் உயிரும்தாமா என்று இவற்றைக் கொண்டே பார்ப்பார்களாம். நம்மவர் நாட்பொருத்தம் பார்ப்பதுபோல, அவர்கள் எண்பொருத்தம் பார்க்கிறார்கள்.

இடப்பக்கக் கதவின் உட்பலகை சற்றுத் தளர்ந்திருந்தது. பாஸ் இரண்டு திருகாணிகளைக் கழற்றி அதை எடுத்தார். கறுப்பு றெக்சினால் போர்த்திய பலகை. திருப்பிக் காட்டினார். பின்புறம் மெல்லிய ஒட்டுப்பலகை. அதில் மங்கிய கறுப்பு மையில், அச்சுத்தகடு வைத்துத் தேய்த்த எழுத்துகள்: 'பி.ஓ.பி.', எடையின் இலக்கம், 'இலங்கை விளைவு'. தேயிலைப் பெட்டி! இத்தாலியப் பலகை ஊறிப்போனபோது ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டியொன்றைக் கேட்டு வாங்கி, அளவாக அறுத்துப் பொருத்தியிருக்கிறார். மூக்கை வைத்துப் பார்த்தேன். தேயிலை மணம் போய்விட்டது. பெற்றோல் மணம்தான் இருந்தது.

அன்றிரவு மாணவருக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். உள்ளதை உள்ளபடியே எழுதினேன். பாராட்டாகவே எழுதினேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன். கேட்கும் விலை ஒரு கோடி ரூபா. அதில் எனக்கு அபிப்பிராயம் கூறத் தகுதியில்லை என்றும் சேர்த்தேன். (எழுதி முடித்தபின் பழக்கதோஷத்தால் ஒரு கணக்குப் போட்டேன். 2024இல் தோட்டத் தொழிலாளர்க்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு கோடிக்கு ஏறத்தாழ 7,400 நாட்கள். வருடத்துக்கு முந்நூறு நாள் பெயர் விழுந்தால் இருபத்தைந்து வருடத்துக்குச் சிறிது குறைவு. மாணவரின் தாயார் அதைவிட நெடுங்காலம் கொழுந்தெடுத்தவர். கணக்கைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.) இன்னொன்றையும் விசாரித்து எழுதினேன். இலங்கையில் 1945க்கு முன் பதிவான கார்களை அனுமதிப் பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. யானைத் தந்தம், கருங்காலி, பவளப்பாறை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் அவையும் இருக்கின்றன. இவ்வண்டி அக்காலத்ததன்று, எனவே அந்தத் தடை இதற்கில்லை. ஆனால் மாணவர் அனுப்பும் எண்ணத்தில் இல்லை. ஓய்வுபெற்று வந்து ஊரிலேயே ஓட்டுவாராம்.

அவர் புத்திசாலி. என் எட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டு, கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவரையும் அனுப்பிவைத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. மதிப்பீட்டாளர் பண்பானவர், தம் தொழிலை அறிந்தவர். நாள் முழுதும் வண்டிக்கு அடியில் கிடந்து, ஆங்கிலத்தில் ஆறு பக்க அறிக்கை தந்தார். அதன் முடிவு இது: எஞ்சினும் உடலும் ஒன்றுக்கொன்று உரியவை, இந்த நாட்டில் இப்படியொன்று கிடைப்பது அரிது, ஆயினும் தொழிற்சாலை நிலையிலிருந்து விலகியவை பல இருப்பதால் விலை குறைக்கப்படவேண்டும். விலகியவை அனைத்தும் இலக்கமிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கழிக்கவேண்டிய தொகை போடப்பட்டிருந்தது.

இந்த 'அசல்' என்னும் கொள்கையைப் பற்றி நான் சில நாள் யோசித்தேன். பழம்பொருள் சேர்ப்போர் நியாயத்தையும் மறுக்க முடியாது. ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே போனால், பினின்ஃபரீனா வரைந்த கோடு எது, பிறர் இழுத்த கோடு எது என்று பின்வருவோர் அறியமாட்டார். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலை ஒதுக்கிப் பாடம் தேடும் நம் பதிப்பாசிரியர் செய்வதும் இதுதானே. ஆனால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேரை நினைத்துப் பார்க்கிறேன். சக்கரம் மாற்றினோம், அச்சு மாற்றினோம், மேல்தட்டு மாற்றினோம். என் பாட்டனார் இழுத்த மரத்தில் ஒரு துண்டேனும் இன்று அதில் இருக்குமோ என்பது ஐயமே. அதனை அசல் தேர் அன்று என்று சொல்லி எவரும் வடத்தை விட்டதில்லை. ஔவையார் ஒரு புறப்பாட்டிலே தன் மன்னனின் வலிமைக்கு உவமை தேடுகையில், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தைக் காட்டினார். அந்தத் தச்சன் எட்டாவது தடவையில் சரியாக வந்த விளக்குக் கவசத்தைக் கண்டிருந்தால் என்ன புள்ளி போட்டிருப்பானோ!

ஒருபுறம் சுவடி, மறுபுறம் தேர். இந்த வண்டி எந்தப் பக்கம் சேரும்? வருடத்தில் ஒருமுறை கண்ணாடிக் கூடத்தில் நிறுத்திப் பார்ப்பதற்கென்றால் சுவடிப் பக்கம். மழையில் ஓடவேண்டுமென்றால் தேர்ப் பக்கம். அறிக்கை சுவடிப் பக்கத்தில் நின்று எழுதப்பட்டது. நாற்பது வருடம் வண்டி வாழ்ந்தது தேர்ப் பக்கத்தில். தீண்டப்படாத வண்டிக்கே முழு விலை. தீண்டாமல் விட்டிருந்தால் இந்த வண்டி 1985ஆம் ஆண்டளவிலேயே ஒரு துருக்குவியலாகியிருக்கும். விலை பேச ஒன்றுமே இருந்திராது.

விலை முடிந்தது, குறைத்த தொகைக்கே உரிமையாளர் இணங்கினார். மாணவர் மிக மகிழ்ந்து எனக்கு நன்றி சொன்னார். நானும் மனமார வாழ்த்தினேன். "தம்பி, கதவுப் பலகையை மாற்றுவதானால் பழையதை எறிந்துவிடாதே" என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். அவர் காரணம் கேட்கவில்லை. சரி சேர் என்றார்.

சாவியைக் கையளிப்பதற்கு முந்தின நாள் மாலை பாஸ் என் வீட்டுக்கு வந்தார். அறிக்கையின் பிரதி என்னிடமிருப்பதை அறிந்திருந்தார். "என்னமோ நெறைய எழுதியிருக்காராமே. எனக்கு இங்கிலீசு தெரியாது. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சேர்."

நான் தயங்கினேன். பிள்ளையின் குறைகளைப் பெற்றவனிடம் வாசித்துக்காட்டும் வேலை எனக்குப் புதிதல்ல. பெற்றோர் தினத்தில் வருடந்தோறும் செய்ததுதான். ஆனாலும் நா எழவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழிற் சொல்லத் தொடங்கினேன்.

"ஒன்று. தரைத்தகடு அசல் அன்று. பீப்பாய்த் தகட்டால் செய்யப்பட்டது."

"ஆமா. நான்தான் செஞ்சேன். ரெண்டு தரம்."

"இரண்டு. கூரைத்துணி அசல் அன்று."

"அதுவும் நம்ம வேலதான். தையல் ஒரு எடத்துலயும் விடல, பாத்திருப்பாரே?"

"மூன்று. விளக்குக் கவசங்கள் கையால் செய்யப்பட்டவை."

"கையாலதான்னு கண்டுபுடிச்சிட்டாரா? கெட்டிக்காரர்தான்."

"நான்கு. கார்புரேட்டர் ஜெட் தொழிற்சாலை அளவில் இல்லை."

"பழசு டின்னுல இருக்குன்னு சொல்லிருக்காரா? சொல்லலியா? நீங்க தம்பிக்கு எழுதிருங்க சேர், மறந்துறாம."

எழுதிக்கொண்டேன். ஐந்து, ஆறு, ஏழு என்று பட்டியல் இறங்கியது. கதவோர இறப்பர், டிராக்டர் டியூபில் வெட்டியது. பிரேக் வாஷர், வேறு வண்டிக்குரியது. சிவப்பு வர்ணம், உரிய சிவப்பினும் ஒரு சாயல் கறுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்து, வருடத்தையும் மழையையும் நினைவுகூர்ந்து, அது நான் செஞ்சது, அதுவும் நான் செஞ்சது என்று விரல் மடித்துக்கொண்டே வந்தார். தொகைகளை நான் வாசிக்கவில்லை. பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடக் கேட்டிருக்கும் மாணவனைப் போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிவிட்டது.

"பதினான்கு. கதவு உட்பலகைகள் இரண்டும் அசல் அன்று. தேயிலைப் பெட்டியால் செய்யப்பட்டவை. அவ்வளவுதான், பாஸ்."

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "அதுக்கு எவ்வளவு சேர் கழிச்சிருக்காரு?"

மறைக்க வழியில்லை. "ஒன்றரை இலட்சம்" என்றேன்.

பாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தப் பெட்டி எனக்குச் சும்மா கெடச்சது சேர்."